தோற்றாலும் நம் அணிதான்

வாசகர் கேள்விகளும் பதில்களும்: கால்பந்து

பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரே அணிதான். இரண்டு வருஷத்தில் இரண்டு படி கீழே இறங்கிவிட்டது. "ஜெயிக்கிற டீமாப் பார்த்து மாறிக்கோ" என்கிறார்கள் நண்பர்கள். மாறாமல் இருப்பது வெறும் பிடிவாதமா?

இல்லை. உங்கள் பற்று எதன்மேல் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டக்காரர் ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடுவார். தோற்கிற அணியில் மேனேஜர் ஒரு சீசன் தாக்குப்பிடித்தாலே பெரிது. உரிமையாளரும் ஒருநாள் விற்றுவிட்டுப் போவார். இவ்வளவு பேர் போன பிறகும் மிஞ்சுவது பெயர், நிறம், மைதானம், வருஷா வருஷம் அதே இடத்தில் வந்து உட்காரும் கூட்டம். கிளப் என்று நாம் சொல்வது இதைத்தான். அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருவர் என்னும்போது எங்கே மாறுவது?

உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் குழு 1976-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடத்திய ஆய்வு இங்கே பொருந்தும். அது அமெரிக்கன் ஃபுட்பால் பற்றியது, ஆனால் ரசிகர் மனம் ஒன்றுதான். தங்கள் அணி ஜெயித்த வாரத்துத் திங்கட்கிழமைகளில் பல்கலைக்கழகப் பெயர் போட்ட உடையை மாணவர்கள் அதிகமாக அணிந்து வந்தார்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது வெற்றிக்கு "நாம்" என்ற சொல் அதிகம் வந்தது, தோல்விக்கு "அவர்கள்". அடுத்த முறை உங்கள் நண்பர்கள் பேசும்போது காதுகொடுத்துக் கேளுங்கள். தோற்ற அன்றும் "நாம கோட்டை விட்டுட்டோம்" என்று உங்கள் வாயில் வந்தால், மாறுவதற்கு உங்களிடம் ஒன்றுமில்லை.

சண்டர்லாந்து ரசிகர்கள் இதே இடத்தில் நின்றவர்கள். 2017-இல் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினார்கள், 2018-இல் மூன்றாம் பிரிவுக்கே போனார்கள். அந்த டிசம்பர் 26 அன்று மூன்றாம் பிரிவு ஆட்டம் ஒன்றுக்கு 46,000 பேருக்கு மேல் வந்து உட்கார்ந்தார்கள். நான்கு சீசன் அங்கேயே கிடந்து, 2022-இல் ஒரு படி ஏறி, 2025 மே மாதம் பிளே-ஆஃப் இறுதியில் ஷெஃபீல்டு யுனைடெட்டை 2-1 என்று வென்றுதான் பிரீமியர் லீக்குக்குத் திரும்பினார்கள்.

சீசனில் இன்னும் பத்து ஆட்டம் இருக்கிறது. நம் அணி தப்புமா என்று நானே கணக்குப் போட முடியுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

முடியும். தாளும் பேனாவும் போதும்.

20 அணிகள், 38 ஆட்டங்கள், கடைசி மூன்று அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் லீக் என்று வைத்துக்கொள்வோம். வெற்றிக்கு மூன்று புள்ளி, டிராவுக்கு ஒன்று. நம் அணி 28 ஆட்டத்தில் 24 புள்ளி. பாதுகாப்பான கடைசி இடமான 17-ஆவது இடத்தில் இருக்கும் அணி அதே 28 ஆட்டத்தில் 28 புள்ளி. முதலில் அவர்களுடைய வேகத்தைப் பாருங்கள்: 28-ஐ 28-ஆல் வகுத்தால் ஆட்டத்துக்கு 1 புள்ளி. இதே வேகத்தில் போனால் 38 புள்ளியில் முடிப்பார்கள். நாம் தாண்ட வேண்டியது 38, அதாவது 39 எடுக்க வேண்டும். மிச்சமுள்ள 10 ஆட்டத்தில் 15 புள்ளி. உதாரணமாக நான்கு வெற்றி, மூன்று டிரா, மூன்று தோல்வி. ஆட்டத்துக்கு 1.5 புள்ளி வருகிறது. 38 ஆட்டத்துக்கு இதை நீட்டினால் 57. அதாவது பட்டியலின் மேல்பாதியில் இருக்கும் அணி மாதிரி பத்து வாரம் ஆட வேண்டும். "நாலு புள்ளிதானே வித்தியாசம்" என்கிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். இடைவெளி சின்னது, அதை அடைக்கத் தேவையான வேகம் பெரிது.

அடுத்து அட்டவணையை எடுத்து, நமக்குச் சற்று மேலேயும் கீழேயும் உள்ள அணிகளோடு எத்தனை ஆட்டம் மிச்சம் என்று குறியுங்கள். அந்த 17-ஆவது அணியை நாம் வென்றால் நமக்கு மூன்று வரும், அவர்களுக்கு வரவேண்டிய மூன்றும் போகும். தோற்பதற்கும் வெல்வதற்கும் இடையே ஆறு புள்ளி. அந்த ஒரு ஆட்டத்தில் மேலே போட்ட கணக்கு முழுக்க மாறிவிடும்.

சறுக்கும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, மற்றவர்களைவிட ஒரு ஆட்டம் குறைவாக ஆடியிருக்கும்போது "நமக்கு ஒரு ஆட்டம் கையில் இருக்கு" என்று அதை மூன்று புள்ளியாக எண்ணுவது. நம்மைப் போல 28 ஆட்டத்தில் 24, அதாவது ஆட்டத்துக்கு 0.86 எடுக்கும் அணிக்கு அது ஒரு புள்ளிகூட இல்லை. இரண்டு, "40 எடுத்தால் தப்பிவிடலாம்" என்ற பழைய நம்பிக்கை. பெரும்பாலான வருஷங்களில் அதற்கும் குறைவாகவே போதும். ஆனால் வெஸ்ட் ஹாம் 2002-03-இல் 42 புள்ளி எடுத்தும் இறங்கியது. புள்ளி சமமானால் எது முந்தும் என்பதையும் பார்த்து வையுங்கள். இங்கிலாந்தில் கோல் வித்தியாசம் (அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தது), ஸ்பெயினில் இரு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவு. கோல் வித்தியாசம் பார்க்கும் லீக்கில் ஏற்கெனவே 3-0 என்று தோற்றுக்கொண்டிருக்கும்போது கடைசி நிமிஷத்தில் தடுக்கப்படும் நான்காவது கோலும் கைதட்டத் தக்கது.

இறங்கிய அணி உடனே ஏறிவிடும் என்று நினைத்தோம். மேலும் மேலும் இறங்குகிறதே, ஏன்?

வருமானம் ஒரே கோடையில் சரிகிறது, சம்பளம் சரிவதில்லை. நோய் அங்கேதான்.

மேல் பிரிவில் தொலைக்காட்சிப் பணம்தான் பெரும் பங்கு. இறங்கினால் சம்பளம் இத்தனை சதவீதம் குறையும் என்று ஆட்டக்காரர் ஒப்பந்தத்தில் முன்பே எழுதியிருக்கும் கிளப் மூச்சு விடும். எழுதாத கிளப் மேல் பிரிவுச் சம்பளத்தைக் கீழ்ப் பிரிவு வருமானத்தில் கொடுக்கும். நல்ல ஆட்டக்காரர்களை வாங்க மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள், அதுவும் அடிமாட்டு விலைக்கு. நமக்குப் பண நெருக்கடி என்று அவர்களுக்குத் தெரியும். யாரும் கேட்காத, அதிகச் சம்பளக்காரர் மட்டும் நம்மிடமே தங்குவார். வேறு கிளப்பிடம் இரவலாக வாங்கி ஆடவைத்தவர்கள் தங்கள் சொந்த கிளப்புக்குத் திரும்பிவிடுவார்கள். ஆகஸ்டில் பாதி அணி புதுசு. ஐந்து ஆட்டம் தோற்றால் மேனேஜருக்குக் கல்தா. புது மேனேஜருக்கு வேறு பாணி, வேறு ஆட்கள் வேண்டும். மறுபடி செலவு.

இங்கிலாந்தில் இதற்குத் தாங்கலாக "பாராசூட்" தொகை தருகிறார்கள். பிரீமியர் லீக் கிளப்புகளுக்குச் சமமாகப் பிரிக்கும் ஒளிபரப்புப் பங்கில் முதல் வருஷம் 55 சதவீதம், இரண்டாவது வருஷம் 45, மூன்றாவது வருஷம் 20. மேலே ஒரே ஒரு சீசன் இருந்துவிட்டு இறங்கிய கிளப்புக்கு மூன்றாவது வருஷத் தொகை கிடையாது. இந்தப் பணம் தீர்வதற்குள் ஏறாவிட்டால் கடையைச் சுருக்கித்தான் ஆகவேண்டும்.

வராத பணத்தை நம்பிக் கடன் வாங்குவது இன்னும் மோசம். லீட்ஸ் யுனைடெட் 2001-இல், ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதி ஆடியது. அடுத்தடுத்த வருஷங்களிலும் அந்தப் போட்டிக்குத் தகுதி பெறுவோம் என்ற கணக்கில் செலவு செய்திருந்தார்கள், தகுதி கிடைக்கவில்லை. 2004-இல் இறங்கி, 2007-இல் மூன்றாம் பிரிவுக்கே போய், பிரீமியர் லீக்குக்குத் திரும்ப 2020 ஆகிவிட்டது. கடன் முற்றி கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனால் இங்கிலாந்தின் கீழ்ப் பிரிவுகளில் 12 புள்ளி வெட்டு. லூட்டனுக்கு 2008-09-இல் மொத்தம் 30 புள்ளி வெட்டினார்கள், சீசன் தொடங்கும்போதே கதை முடிந்துவிட்டது.

உரிமையாளரைச் சகிக்க முடியவில்லை. மைதானத்துக்குப் போகாமல் இருந்தால் அது துரோகமா?

ஆகாது. எங்கள் கருத்து இதில் உறுதியானது: கிளப்பைக் காக்க உரிமையாளருக்குப் பணம் மறுப்பதும் விசுவாசம்தான். ஆனால் தனியாளாக வீட்டில் உட்கார்ந்தால் ஒரு காலி இருக்கை மட்டுமே மிஞ்சும். சேர்ந்து செய்ய வேண்டும், கணக்கைப் படித்துவிட்டுச் செய்ய வேண்டும்.

இங்கிலாந்துக் கிளப் என்றால் அதன் ஆண்டுக் கணக்கு கம்பெனிஸ் ஹவுஸ் பதிவகத்தில் காசில்லாமல் கிடைக்கும். நான்கு இடங்களைப் பாருங்கள். மொத்த வருமானத்தில் சம்பளம் எத்தனை சதவீதம் என்பது முதலாவது. ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு, சம்பளத்தோடு ஆட்டக்காரர் வாங்கிய செலவும் முகவர் கட்டணமும் சேர்த்து 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏவின் விதி. வெறும் சம்பளமே 100-ஐத் தாண்டினால் யாரோ ஒருவருடைய தயவில் கிளப் ஓடுகிறது என்று அர்த்தம். இரண்டாவது, கிளப் தொடர்ந்து நடக்குமா என்பதில் தணிக்கையாளர் சந்தேகம் எழுப்பியிருக்கிறாரா என்பது. தணிக்கை அறிக்கையில் ஒரு பத்தியாகத்தான் இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். மூன்றாவது, கிளப் சொத்தின்மீது பதிவான அடமானங்கள். நான்காவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: மைதானம் யார் பெயரில் இருக்கிறது? உரிமையாளரின் வேறொரு கம்பெனிக்கு அது கைமாறியிருந்தால் அன்றே எச்சரிக்கையாகுங்கள். கிளப் ஒருவரிடமும் மைதானம் இன்னொருவரிடமும் இருந்தால், நாளைக்கு நல்ல மனிதர் வாங்க வந்தாலும் பேரம் படியாது.

பிறகு ரசிகர் அறக்கட்டளையில் சேருங்கள். இங்கிலாந்தில் சப்போர்ட்டர்ஸ் டிரஸ்ட் என்பார்கள். ஒருவருக்கு ஒரு ஓட்டு, ஆயிரம் கட்டினாலும் பத்து கட்டினாலும் ஒன்றுதான். போர்ட்ஸ்மவுத் 2008-இல் இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை வென்ற கிளப். 2010-இல் திவால் நிர்வாகம், 2013-இல் நான்காம் பிரிவு. அந்த 2013-இல் அதைக் கையில் எடுத்தது ரசிகர் அறக்கட்டளை. 2017 வரை நடத்தி, நான்காம் பிரிவில் முதலிடம் பிடித்த பிறகே விற்றார்கள். விம்பிள்டன் ரசிகர்களுக்கு இதைவிடப் பெரிய அடி. கிளப்பை மில்டன் கீன்ஸுக்குப் பெயர்க்க 2002-இல் அனுமதி கிடைத்ததும், அவர்கள் ஏஎஃப்சி விம்பிள்டனை அடிமட்ட லீக்கில் தொடங்கினார்கள். 2011-இல் தொழில்முறை லீக்குக்குள் வந்தார்கள், 2020-இல் தங்கள் பழைய இடமான பிளவ் லேனுக்கே திரும்பினார்கள்.

எல்லோருக்கும் இப்படி வாய்க்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1885-இல் தொடங்கிய பெரி கிளப் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. எச்சரிக்கை மணி அடிக்கும்போதே ஒன்றுசேருங்கள் என்று இவ்வளவு நீட்டி எழுதுவது அதற்காகத்தான்.

நான் வெகுதூரத்தில், வேறொரு நாட்டில் இருக்கிறேன். கீழ்ப் பிரிவு ஆட்டத்தைப் பின்தொடர்வதே பெரும்பாடு. என்ன வழி?

நேரக் குழப்பத்தை முதலில் தீருங்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுப்பார்கள். அந்த இரண்டு வாரங்களில்தான் "ஆட்டம் தொடங்கி ஒரு மணி ஆச்சே" என்ற பதற்றம் வரும். தொலைக்காட்சிக்காக ஆட்ட நாளையே மாற்றுவதும் உண்டு. சீசன் ஆரம்பத்தில் எழுதிவைத்த அட்டவணையை மாதம் ஒருமுறை ஒப்பிடுங்கள்.

இங்கிலாந்தில் சனி மாலை 2.45 முதல் 5.15 வரை உள்நாட்டில் நேரடி ஒளிபரப்புக் கிடையாது. வெளிநாட்டில் அந்தத் தடை இல்லை. காணொளி கிடைக்காவிட்டால் கிளப்பின் வானொலி வர்ணனையைப் பிடியுங்கள். எதிரணி பந்தோடு நம் பெனால்டி பெட்டிக்குள் வரும்போதெல்லாம் வர்ணனையாளரின் குரல் ஒரு கட்டை ஏறும், அதைக் கேட்டே ஆட்டத்தின் போக்கு பழகிவிடும். ஜெர்சியைக் கிளப்பின் சொந்தக் கடையில் வாங்குங்கள், போலிக்குக் கொடுக்கும் பணத்தில் கிளப்புக்கு ஒரு காசும் சேராது. அறக்கட்டளை உறுப்பினர் ஆவதற்குப் பெரும்பாலும் தூரம் தடையல்ல.

தோற்றால் இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

விசில் ஊதியதும் போனைக் கீழே வையுங்கள். தோல்வியைவிட அதற்குப் பின்னால் மூன்று மணி நேரம் படிக்கும் வசவுகள்தான் இரண்டாம் நாளுக்கும் இழுத்துக்கொண்டு போகின்றன. ஆட்டம் முடிந்த உடனே கை வேலை ஒன்று, பாத்திரம் துலக்குவதோ நடையோ, முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் முன்னால் கத்தாதீர்கள். உங்கள் அணியை அவர்கள் விரும்புவதும் வெறுப்பதும் அந்த அரைமணியில் முடிவாகிறது. இரண்டு நாள் இரண்டு வாரமாக நீண்டு தூக்கமும் சாப்பாடும் கெட்டால், காரணம் கால்பந்து மட்டுமாக இருக்காது. மருத்துவரிடம் போங்கள்.

எத்தனை வருஷம்தான் காத்திருப்பது?

அர்ஜென்டினாவின் ரேசிங் கிளப் 1966-க்குப் பிறகு 35 வருஷம் லீக் பட்டம் பார்க்கவில்லை. நடுவில் 1983-இல் இரண்டாம் பிரிவுக்கும் இறங்கியது. 1999 மார்ச் மாதம், திவால் வழக்கைக் கவனித்த அதிகாரி "ரேசிங் கிளப் இனி இல்லை" என்றே அறிவித்துவிட்டார். மார்ச் 7 அன்று ஆட வேண்டிய ஆட்டம் நடக்கவில்லை. ஆனாலும் ரசிகர்கள் வந்து மைதானத்தை நிரப்பினார்கள். புல்வெளியில் பந்து இல்லை, ஆட்டக்காரர் இல்லை, எதிரணி இல்லை. படிக்கட்டுகளில் கொடியோடும் பாட்டோடும் அவர்கள் மட்டும். அந்த நாளை இன்றும் ரேசிங் ரசிகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

கிளப் மூடப்படவில்லை. 2001 டிசம்பர் 27 அன்று வேலெஸ் அணியோடு 1-1 என்று டிரா செய்து பட்டம் வென்றது. ஆட்டம் நடந்தது வேலெஸ் மைதானத்தில். அங்கே இடம் கிடைக்காதவர்கள் தங்கள் சொந்த மைதானத்துக்குப் போய், அதையும் நிரப்பி, திரையில் பார்த்தார்கள்.