அப்பாவின் பிஸ்கட் டின் கேசட்டுகள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தவர். பிஸ்கட் டின்னில் 40 கேசட் வைத்திருக்கிறார், எல்லாமே ராக் பாட்டு: ஸ்கார்ப்பியன்ஸ், டீப் பர்ப்பிள், நம் மலேசியாவின் சர்ச் (Search), விங்ஸ் குழுக்கள். போன தீபாவளிக்கு அவருடைய பழைய கூட்டாளிகள் ஐந்து பேரை அழைத்து, ஆளுக்குப் பிடித்த பாட்டைப் போனில் போட்டு அதன் நினைவைச் சொல்லச் சொன்னேன். "நல்ல பாட்டும்மா, அந்தக் காலத்துல கேட்டது" என்பதோடு எல்லாரும் நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த மாதம் அப்பா பிறந்தநாள். மறுபடி முயற்சி செய்யலாமா? கேசட்டில் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது, போடலாமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கண்டிப்பாகச் செய்யுங்கள். ஆனால் ஒரு கேசட்டைக்கூட இப்போது ரேடியோவில் போட்டுவிடாதீர்கள். அது பூசணம். ஒரு கேசட்டில் இருப்பது ரேடியோவின் ஹெட்டில் (நாடா உரசிப் போகும், பாட்டைப் படிக்கும் பகுதியில்) ஒட்டி, அடுத்து போடும் கேசட் அத்தனைக்கும் பரவிவிடும்.

முதலில் கூட்டத்தைப் பார்ப்போம். "ஏன் பிடிக்கும்?" என்று கேட்டால் யாருக்கும் கதை வராது, அபிப்பிராயம்தான் வரும். பாட்டைக் கேட்ட இடத்தையும் பொருளையும் பற்றிக் கேளுங்கள். அது யார் வீட்டு ரேடியோ? பேட்டரிக்குக் காசு போட்டது யார்? லயத்தில் அப்போது எத்தனை மணிக்குக் கரண்ட் வரும், எத்தனை மணிக்குப் போகும்? காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) போக வேண்டிய பெரியவர்கள் இரவில் சத்தம் போட்டார்களா? இப்படிக் கேட்டால் "நல்ல பாட்டு" என்று ஒருவரும் முடிக்க முடியாது.

கேசட்டையே கையில் கொடுத்துவிடுங்கள். மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் சின்னப் பள்ளம் இருக்கும். கடையில் வாங்கிய பாட்டுக் கேசட்டில் யாரும் தவறிப் பதிவு செய்துவிடாதபடி அந்த இடத்துப் பிளாஸ்டிக் துண்டு இருக்காது. அந்தப் பள்ளத்தின் மேல் செலோடேப் ஒட்டியிருந்தால், யாரோ வேண்டுமென்றே பழைய பாட்டை அழித்து ராக் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அழிந்தது யாருடைய பாட்டு? பாட்டி கேட்ட பக்திப் பாடலா, அம்மாவின் சினிமாப் பாட்டா? பக்கம் முடியும் இடத்தில் பாட்டு பாதியில் அறுந்து நிற்கிறதா என்றும் கவனியுங்கள். முப்பது வருடம் அறுந்த பாட்டையே கேட்டவருக்கு, இன்றைக்கும் அந்த இடம் வந்தால் காது தானாகக் காத்திருக்கும். அங்கே நிறுத்திக் கேளுங்கள்.

நாட்டு நடப்பும் கை கொடுக்கும். சர்ச்சின் 'இசபெல்லா' 1989-இல் வந்தது. 1992-இல் நீளமுடி ராக் பாடகர்களுக்கு அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மில் தடை வந்தது. "அப்போது நம் தோட்டத்தில் முடி வளர்த்தது யார், வீட்டில் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து மாமாக்களும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

ஆளுக்கு ஒரே பாட்டு. மூன்று பாட்டு என்றால் மூன்றாவது ஆளுக்கே மற்றவர்கள் களைத்துவிடுவார்கள். அப்பாவோடு ஆறு பேர், ஆளுக்குக் கால் மணி நேரம், ஒன்றரை மணியில் முடியும். 'ஹோட்டல் கலிஃபோர்னியா' மாதிரி ஆறரை நிமிடப் பாட்டை எடுத்த எடுப்பில் முழுதாக ஓட விடாதீர்கள். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் போதும், நிறுத்துங்கள். பத்து விநாடி நீங்களும் வாய் திறக்காதீர்கள், அந்த மௌனத்தில்தான் பேச்சு தொடங்கும். பேசி முடித்த பிறகு முழுப் பாட்டையும் போடுங்கள். இணையத்தில் எடுத்தால் அவர்கள் அன்று கேட்ட பதிவுதானா என்று சரிபாருங்கள். மேடைப் பதிவோ மறுபதிவோ போட்டால் "இது அது இல்லையே" என்பதிலேயே நேரம் போய்விடும்.

பேச்சைப் பதிவு செய்யப் போன் போதும். அழைப்பு வராதபடி ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுபவரிடமிருந்து இரண்டு அடிக்குள் வையுங்கள். பேசும்போது பின்னணியில் பாட்டு ஓடக் கூடாது, பிறகு குரலைப் பிரிக்க முடியாது. தகரக் கூரை என்றால் மழை நேரத்தைத் தவிருங்கள். ஒரு வாரம் முன்பே ஒவ்வொருவருக்கும் போன் செய்து பாட்டைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ராக் பாட்டு என்றால் காதல் கதை வராமல் இருக்காது, மனைவி பக்கத்தில் இருப்பார். எதைச் சொல்லலாம் என்று யோசிக்க அவருக்கு நேரம் வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் சொன்னவரிடம் கேட்டுவிடுங்கள்.

இனி கேசட். ஒரு மணி நேரக் கேசட் 40 என்றால் கணினியில் ஏற்ற 40 மணி நேரம் ஆகும். ஆறு மட்டும் எடுங்கள். சிலிக்கா ஜெல் பைகளோடு இறுக்கமான டப்பாவில் பத்து நாள் வைத்தால் பூசணம் காய்ந்து பொடியாகும். முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே வைத்து ஐந்து திருகாணிகளைக் கழற்றுங்கள். நாடா எந்த உருளை வழியாகப் போகிறது என்று முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்புப் பொடியை மென்மையான பிரஷால் தட்டிவிட்டு, இரண்டு சுருளையும் திருகாணி போட்ட வேறு நல்ல கேசட் கூட்டுக்குள் மாற்றிவிடுங்கள். பழைய கூட்டில் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சு பசை காய்ந்து விழுந்திருக்கலாம். பாட்டு மூடிய அறையில் கேட்பது போல மங்கலாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம். திருகாணி இல்லாமல் ஒட்டிய கேசட்டை நீங்கள் உடைக்க வேண்டாம், பழகியவரிடம் கொடுங்கள்.

போடுவதற்கு முன் அறுகோணப் பென்சிலைச் சக்கரத்தில் விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் சுற்றுங்கள். எங்காவது பிடித்தால் உடனே நிறுத்துங்கள், இழுத்தால் அறுந்துவிடும். 90 நிமிடக் கேசட்டில் இன்னும் கவனம், அதன் நாடா 60 நிமிடத்தினுடையதைவிட மெல்லியது. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஹெட்டைத் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு ஈரத் துணி போதும், ஆல்கஹால் ரப்பரை வறட்டிவிடும். பாட்டு ஆடி ஆடி வந்தால் உள்ளே பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

ஸ்பீக்கர் முன்னால் போனைப் பிடித்துப் பதிவு செய்யாதீர்கள். ரேடியோவின் இயர்போன் துளையிலிருந்து, யூஎஸ்பி ஒலி இணைப்புக் கருவி வழியாகக் கணினிக்குக் கொடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 44,100 ஹெர்ட்ஸில் ஒரு பக்கத்தை ஒரே மூச்சாக ஏற்றுங்கள். சத்தத்தின் உச்சம் -6 டெசிபல் அருகில் நிற்கட்டும், 0 டெசிபலைத் தாண்ட முயன்றால் கித்தார் ஒலி கிழிந்துவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. இரண்டு பாட்டுக்கு நடுவே வானொலி அறிவிப்பாளர் குரலோ, யாராவது இருமுவதோ கேட்டால் வெட்டாதீர்கள். பிறந்தநாளன்று முதலில் போட வேண்டியதே அந்தத் துண்டுதான்.

பழகுவதற்கு அப்பா தேடாத ஒரு கேசட்டை எடுங்கள். அவர் கையெழுத்து இருப்பதை முதலில் தொடாதீர்கள்.