மாத்திரை டின்னை என்ன பண்றது?

கேள்வி: எங்க வீட்ல ஃப்ரிட்ஜ் மேல ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கு, அது முழுக்க மிச்ச மாத்திரைதான். மாமியார் எதையும் தூக்கிப்போட விடமாட்டேங்கிறாங்க, "காசு குடுத்து வாங்குனது, ஆத்திர அவசரத்துக்கு ஆகும்"னு சொல்றாங்க. எதைத்தான் வச்சுக்கிறது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மாமியார் சொல்றதுல பாதி நியாயம் இருக்குங்க. பாராசிட்டமால், ஓஆர்எஸ் பாக்கெட் எல்லாம் தேதி இருந்தா தாராளமா வச்சுக்கலாம். ஆனா டோலோ, கால்பால், க்ரோசின் எல்லாத்துக்குள்ளயும் இருக்கிறது அதே பாராசிட்டமால்தான், நிறைய ஜலதோஷ மாத்திரையிலயும் அது சேர்ந்திருக்கு, அதனால இதுல ஒண்ணு அதுல ஒண்ணுன்னு போட்டா கடைசில அடி வாங்குறது கல்லீரல்.

மிச்சம் விழுந்த ஆன்டிபயாட்டிக் மட்டும் வேண்டவே வேண்டாம். அஞ்சு நாளைக்கு எழுதிக்குடுத்ததை ஜுரம் விட்டதும் நாமளே நிறுத்திட்டு, மீதி நாலை டின்ல போட்டு வச்சு, அடுத்த மாசம் பையன் தொண்டை வலிக்குதுன்னா அதையே எடுத்துக் குடுக்கிறது எல்லா வீட்லயும் நடக்குறதுதான். சளி, தொண்டை வலி பெரும்பாலும் வைரஸ்ல வர்றது, ஆன்டிபயாட்டிக்குக்கு அது அசையவே அசையாது. அட்டைல நெட்டுக்கு சிவப்பு கோடு இருந்தா டாக்டர் சீட்டு இல்லாம தொடக்கூடாதுன்னு அர்த்தம்.

அப்புறம் அந்த வெட்டின துண்டுங்க! மெடிக்கல்ல நாலு மாத்திரை கேட்டா கத்திரிக்கோல்ல வெட்டிக் குடுப்பாங்க, எக்ஸ்பைரி அடிச்ச பக்கம் கடையிலயே தங்கிடும், நம்ம கையில பாதிப் பேருதான் வரும். அப்படி இருக்கிறது எல்லாத்தையும் யோசிக்காம கழிச்சுடுங்க. இனிமே பில் கேட்டு வாங்கி அதே கவர்ல போட்டு வைங்க, பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் அதுல இருக்கும். (கடைக்காரர் ஒரு முறை முறைப்பார், முறைக்கட்டும்.)

கேள்வி: சிரப் பாட்டில்ல இன்னும் ஒரு வருஷம் தேதி இருக்கு, பாதிதான் காலி. அடுத்த தடவைக்கு ஆகுமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: பவுடர்ல தண்ணி கலக்குற ஆன்டிபயாட்டிக் சிரப்னா ஆகாது. அந்தத் தேதி கலக்காத பவுடருக்கு. கலந்தப்புறம் ஒரு வாரம், மிஞ்சிப்போனா ரெண்டு வாரம், லேபிள்லயே போட்டிருக்கும். கண்ணு சொட்டு மருந்தும் திறந்து ஒரு மாசம்தான்.

கேள்வி: பழைய மாத்திரையை டாய்லெட்ல கொட்டி தண்ணி ஊத்திடுறேன். சரிதானே?
- ஒரு வாசகர், கோவை

பதில்: சரியில்லைங்க சார். கழிவுநீரைச் சுத்தம் பண்ற இடத்துலயும் மருந்து முழுசா போறதில்ல, ஆத்துலயும் குளத்துலயும்தான் போய்ச் சேரும். விதிவிலக்கு ஒண்ணு உண்டு. ஃபென்டனில், டிரமடால் (கடும் வலிக்குக் குடுக்கிறது), டயஸெபாம் (பதட்டத்துக்குக் குடுக்கிறது) மாதிரி 17 மருந்தை மட்டும், தப்பான கைக்குப் போயிடக்கூடாதுன்னு, ஃப்ளஷ் பண்ணிடச் சொல்லி 2025ல மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லியிருக்கு.

கேரளாவுல 2025ல கோழிக்கோட்டுல ஆரம்பிச்சு வீட்டு மருந்தை அரசாங்கமே திரும்ப வாங்கிக்கிற திட்டம் கொண்டு வந்தாங்க. அந்த வசதி இல்லாத ஊர்ல, காலாவதி மருந்து வீட்டு அபாயக் கழிவுன்னு 2016 திடக்கழிவு விதியிலயே சொல்லியிருந்தாங்க, அதனால குப்பை வண்டிக்காரங்ககிட்ட தனியா, சொல்லிட்டுக் குடுங்க. அவங்க தனியா வாங்கலைன்னா மாத்திரையைப் பிரிச்சு ஈர டீத்தூளோட பிசைஞ்சு கவர்ல இறுக்கிக் கட்டிப் போடுங்க, அப்பதான் யாரும் பொறுக்கி எடுத்து சாப்பிட முடியாது. இன்சுலின் ஊசி மட்டும் அதுல சேர்க்காதீங்க, கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டு மூடி, ஊசின்னு வெளிய எழுதிக் குடுங்க.