பிக்கப்பிலிருந்து கழற்றாமல், ஒரே இரவுக்கு டிராவல் டிரெய்லரை (பிக்கப் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியை) மட்டப்படுத்துவது எப்படி? முன் ஜாக்கை எவ்வளவு தூக்கலாம்?

கழற்றாமலேயே மட்டப்படுத்தலாம். ஆனால் பக்கவாட்டுச் சாய்வை முழுமையாகச் சரிசெய்யுங்கள். முன்பின் சாய்வில் ஓரளவு விட்டுக்கொடுங்கள். இணைந்திருக்கும் டிரெய்லரின் மூக்கு எந்த உயரத்தில் நிற்கும் என்பதைப் பிக்கப்பின் பின்பகுதிதான் தீர்மானிக்கிறது என்பதால், அந்தத் திசையில் நம் கையில் இருப்பவை ஓரிரு அங்குலங்களே.

இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் இடையே ஏறத்தாழ 2 மீட்டர்தான் இருக்கும். தரையில் 10 செ.மீ. மேடுபள்ளம் இருந்தாலே பக்கவாட்டில் 3 பாகை சாய்ந்துவிடும். அதே 10 செ.மீ., அச்சுக்கும், பிக்கப்போடு இணைக்கும் ஹிட்ச் பந்துக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 5 மீட்டரில் பரவினால் ஒரு பாகையைச் சற்றே தாண்டும். புரொப்பேனில் ஓடும் அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். கம்ப்ரசர் இல்லாத அந்த ஃபிரிட்ஜில், அம்மோனியாக் கரைசல் சூடாகி ஆவியாகி, குளிர்ந்து, தன் எடையாலேயே வழிந்து திரும்ப வேண்டும்; மணிக்கணக்காகச் சாய்ந்து நின்றால் திரவம் நடுவழியில் தேங்கி, சூடாக்கும் பகுதி அளவுமீறிக் கொதித்து, துருவைத் தடுக்கச் சேர்த்த சோடியம் குரோமேட் படிந்து குழாயை அடைத்துவிடும். ஃபிரிட்ஜின் முகத்தைப் பார்த்து நின்றால் இடவலமாக 3 பாகை, முன்பின்னாக 6 பாகை என்பது வழக்கமான வரம்பு. ஃபிரிட்ஜ் பெரும்பாலும் டிரெய்லரின் பக்கச் சுவரில் பொருத்தப்படுவதால், அதன் இடவலம் டிரெய்லரின் முன்பின்னாக ஆகிவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆகவே இரு திசைகளிலும் 3 பாகைக்குள் வைத்திருப்பதே நல்லது. 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் உங்களுடையது என்றால் இந்தக் கவலை இல்லை. உறங்குபவர்களின் வசதியை மட்டும் பார்த்தால் போதும்.

உள்ளே தரையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னால் பிளாஸ்டிக் அடுக்குக் கட்டைகளையோ அகலமான மரப்பலகைகளையோ வைத்து, ஒருவர் வெளியே நின்று சொல்லச் சொல்ல மெல்ல வண்டியை ஏற்றுங்கள். இரட்டை அச்சு என்றால் இரண்டு சக்கரங்களும் ஏற வேண்டும். டயரின் முழு அகலமும் பலகைமேல் இருக்க வேண்டும். பிறகு உயர்த்தாத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் தடுப்புக் கட்டை வையுங்கள். வண்டியோடு பிணைந்துதானே இருக்கிறது என்று இதைத் தவிர்க்காதீர்கள்.

இனி டிரெய்லரின் மூக்கைத் தூக்கும் முன் ஜாக். எடைப்பகிர்வு ஹிட்ச் (மூக்கின் எடையை இரு வண்டிகளின் அச்சுகளுக்கும் பகிர்ந்தளிக்கும் இணைப்பு) வைத்திருப்பவர்கள் அதன் கம்பிகளை மாட்டும்போதும் கழற்றும்போதும், இணைத்த நிலையிலேயே பிக்கப்பின் பின்பகுதியை இந்த ஜாக்கால்தான் தூக்குகிறார்கள். எனவே மூக்கு தாழ்ந்திருந்தால் ஓரிரு அங்குலம் உயர்த்துவதில் தவறில்லை. தூக்கியதும் கம்பிகளின் இறுக்கம் தளர்வது இயல்பே. எல்லை எது என்றால், பிக்கப்பின் பின் டயர்கள் தரையை நன்றாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான். பெரும்பாலான பிக்கப்புகளில் பார்க்கிங் பிரேக்கும் கியரின் பார்க் நிலையும் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கின்றன. அந்தச் சக்கரங்களின் சுமையைக் குறைக்கக் குறைக்க, முழு இணைப்பையும் பிடித்து நிறுத்தும் பிடியை நீங்களே தளர்த்துகிறீர்கள். சரிவான இடத்தில் இது பெரும் ஆபத்து. இன்னும் உயரம் தேவையென்றால், பிக்கப்பின் பின்சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றுவதே எனக்குப் பிடித்த வழி. ஹிட்ச் பந்து பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், பலகையின் தடிமனைவிடச் சற்று அதிகமாகவே மூக்கு உயரும். மூக்கு மேலே நிற்கும் இடத்தில் கழற்றாமல் செய்யக்கூடியது மிகக் குறைவு; வேறு இடம் தேடுங்கள், அல்லது தலையணைகளை உயர்ந்த பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள்.

மூலைகளில் உள்ள ஸ்டெபிலைசர் ஜாக்குகள் ஆட்டத்தை அடக்க மட்டுமே. அவற்றால் டிரெய்லரைத் தூக்கினால் சட்டம் முறுக்கி, கதவு சரியாக மூடாது. மற்றவை முடிந்தபின், அடியில் பலகை வைத்து, தரையில் பட்டு லேசாக இறுகும் வரை இறக்குங்கள். முன்பகுதியைப் பிக்கப்பே தாங்குவதால் பெரும்பாலும் பின்னிரண்டு போதும். இவை தரையில் ஊன்றியபின் முன் ஜாக்கைத் தொடக் கூடாது. நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் கடை வாகன நிறுத்தங்களிலும் நான் இவற்றை இறக்குவதே இல்லை. அங்கே தூங்க அனுமதிப்பது ஒரு சலுகை, முகாம் போட அல்ல. அனுமதி நேரமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: கலிபோர்னியாவில் 8 மணி நேரம், டெக்சாஸில் 24 மணி நேரம்.

பாதுகாப்புச் சங்கிலிகளும், இணைப்பு விட்டுப்போனால் டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் பிரேக்அவே கம்பியும் மாட்டியபடியே இருக்கட்டும். 7 முனை மின்பிளக்கை மட்டும் இரவில் கழற்றிவிடுங்கள். சில பிக்கப்புகளில் சாவியை எடுத்தபின்னும் அதில் மின்சாரம் ஓடும், டிரெய்லரின் ஹீட்டர் விசிறி விடிவதற்குள் வண்டியின் பேட்டரியையே தீர்த்துவிடக்கூடும். காலையில் முதலில் ஸ்டெபிலைசர்கள், அடுத்து முன் ஜாக்கை முழுவதும் மேலே ஏற்றுவது, பிறகு பிளக், கடைசியாகத் தடுப்புக் கட்டைகள். பலகையிலிருந்து இறங்கியதும் விளக்குகளையும் டிரெய்லர் பிரேக்கையும் ஒருமுறை சோதித்துவிட்டுப் புறப்படுங்கள்.