மன அழுத்த ஹார்மோன் கிருமிகளைத் தூண்டுமா?

நமக்குப் பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின், நார்அட்ரினலின் போன்ற ஹார்மோன், உணவு வழியே வரும் பாக்டீரியா உயிர்ப்படலம் (கிருமிகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஒரு பரப்பின்மேல் கட்டும் படலம்) கட்டுவதை எப்படிப் பாதிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல கிருமிகளில் அது படலத்தை வளர்க்கிறது. ஈ.கோலை ஓ157:எச்7-ஐ எடுத்துக்கொள்வோம். சரியாக வேகாத மாட்டிறைச்சிக் கொத்துக்கறியில் வருவது. அதன் சவ்வில் கியூஎஸ்ஈசி என்றொரு புரதம் உண்டு. அட்ரினலினோ நார்அட்ரினலினோ பட்டதும் அந்தப் புரதம் தன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றி, அடுத்த புரதத்துக்குக் கைமாற்றுகிறது. உடனே கசையிழை, அதாவது நீந்த உதவும் வால் போன்ற இழை, அதற்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. கிருமி நீந்திப்போய் ஒட்டுகிறது. படலம் அங்கேதான் தொடங்குகிறது. நுண்ணுயிரியலாளர் வனெசா ஸ்பெராண்டியோவின் குழு 2006-இல், ஹார்மோனை உணரும் ஏற்பியாக இந்தப் புரதம் வேலை செய்வதை விளக்கியது. மனிதர்களுக்கு ரத்த அழுத்தம் குறைக்கத் தரும் பென்டோலமைன் இந்தப் பாக்டீரியப் புரதத்தையும் தடுக்கிறது என்பதுதான் என்னை இன்னும் வியக்கவைக்கிறது!

அப்புறம் இரும்பு. கிருமிகள் வளர அது வேண்டும். நம் ரத்தத்திலுள்ள டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இரும்பைக் கெட்டியாகப் பிடித்துவைத்துக் கிருமிகளைப் பட்டினி போடும். நார்அட்ரினலின் அந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறது. உணவு வழியே வரும் இன்னொரு கிருமியான சால்மொனெல்லாவுக்கும் இந்த வழியில் இரும்பு கிடைக்கிறது.

ஆனால் குடலில் ஹார்மோன் மட்டும் தனியாக இல்லை. அங்குள்ள பாக்டீரியாக்கள் வெளியிடும் இண்டோல் என்ற வேதிப்பொருள், இதே ஓ157:எச்7-இன் படலத்தைக் குறைக்கிறது.