பார்த்ததில் பாதியை மட்டும் சொல்லலாமா?

கேள்வி: தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, தியாகராய நகரில் ஒரு துணிக்கடை. என் பக்கத்தில் நின்ற பெண், இரண்டு பாவாடை சட்டைகளைக் கட்டைப்பையில் திணித்ததைப் பார்த்து, வாசலில் நின்ற செக்யூரிட்டியிடம் சொன்னேன். அவர் அந்தப் பெண்ணைப் பிடித்து இழுத்து, எல்லோர் முன்னிலும் கன்னத்தில் அறைந்து, உள்ளே கொண்டுபோனார். கூடவே ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. துணிகளின் விலை 1,180 ரூபாயாம். என் செல்போன் எண்ணை வாங்கிக்கொண்ட கடைக்காரர்கள், போலீசில் புகார் கொடுக்கிறோம், சாட்சி சொல்ல வாருங்கள் என்று இப்போது அழைக்கிறார்கள். 'கோர்ட் வாசலை மிதிக்காதே' என்கிறார் கணவர். போன வாரம் மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டில் அதே பெண் பூ விற்றுக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றிலிருந்து தூக்கமில்லை. நான் செய்தது தவறா?
- பெயர் வேண்டாம், தாம்பரம்

பதில்: அன்புச் சகோதரி, திருட்டைப் பார்த்தீர்கள், சொன்னீர்கள். அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் கவனித்தேன்: சாட்சி சொல்வதைப் பற்றிக் கேட்கும் நீங்கள், கன்னத்தில் விழுந்த அந்த அறையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. உறக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 303-ஆம் பிரிவுப்படி, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறையாகத் திருடித் தண்டனை பெறுபவர், பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை செய்தால் போதும். கன்னத்தில் அறைந்தது இருக்கிறதே, அது 115-ஆம் பிரிவு. ஓராண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது. ஆக, அன்றைக்கு அந்த வாசலில் பெரிய குற்றம் செய்தவர் சீருடையில் இருந்தவர்!

பிடித்து வைக்கவாவது அவருக்கு உரிமை உண்டா? பொதுமக்களில் ஒருவர் இன்னொருவரைப் பிடிக்கலாம். ஆனால் ஜாமீனில் விட முடியாத, போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் தம் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும், ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்கவும் வேண்டும். 303-ஆம் பிரிவில் வரும் 5,000 ரூபாய்க்குக் கீழான திருட்டு இந்தக் கணக்கில் வராது. போதாததற்கு, பார்த்தது நீங்கள், அவர் அல்ல. பையை வாங்கித் துணியை எடுத்துக்கொண்டு மேலாளரை அழைத்திருந்தால் வேலை முடிந்தது.

அவரை மட்டும் திட்டவும் எனக்கு மனமில்லை. தனியார் காவலாளிகளுக்கென 2005-இல் சட்டம் வந்தது. மத்திய அரசின் மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் கேட்கின்றன. எங்கள் தெருமுனைக் கடையில் நின்ற பெரியவரிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். 'தொப்பியும் விசிலும் கொடுத்தார்கள் அம்மா, பயிற்சி என்றால் அதுதான்' என்றார். பன்னிரண்டு மணி நேரம் நின்று அவர் கால் ஷூவுக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தது. ஷூவைக் கட்டைவிரல் பக்கம் பிளேடால் கீறி வைத்திருந்தார். சரக்கு குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களாம். அப்படிப்பட்டவர் கையில் ஒரு திருடி கிடைத்தால் அந்தக் கோபம் எங்கே போய் விழும்?

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கடைக்காரர் கூப்பிட்டார் என்பதற்காக எங்கும் போகாதீர்கள், அவர்கள் எழுதி நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 303-ஆம் பிரிவு வழக்கு என்றால், இவ்வளவு சிறிய தொகைக்கு மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையே தொடங்க முடியாது. ஒருவேளை தொடங்கினாலும், பெண் சாட்சியை ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள்தான் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடத் தேவையில்லை. கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் மட்டும் போயே ஆக வேண்டும். உங்கள் கணவரின் அறிவுரை அங்கே செல்லாது.

எங்கே சொன்னாலும் முழுவதையும் சொல்லுங்கள். பாவாடை சட்டை பைக்குள் போனதையும், அறை விழுந்ததையும், குழந்தை பார்த்துக்கொண்டு நின்றதையும். கடைக்காரர் உங்களிடம் எதிர்பார்ப்பது முதல் பாதியை மட்டும்தான். இரண்டாம் பாதியையும் சொல்வேன் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். அநேகமாக மறுபடி அழைக்க மாட்டார்கள்.

பூக்காரப் பெண்ணுக்கு வருவோம். அவர் நிமிர்ந்து பார்த்தது உங்களை அடையாளம் கண்டுதானா? படிக்கட்டில் இறங்கும் எல்லோரையும்தான் பூக்காரர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள், அது வியாபாரம். காட்டிக்கொடுத்தது நீங்கள்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. தயவுசெய்து போய் மன்னிப்புக் கேட்காதீர்கள், கையில் ஐந்நூறு ரூபாயைத் திணிக்காதீர்கள். அன்றைய அவமானத்தை அந்தப் படிக்கட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகும் அது. வழக்கு ஏதாவது நடந்தால், முடியும்வரை வேறு வழியாக இறங்குங்கள். இல்லையென்றால் எப்போதும் போல நடந்து போங்கள். பூ வேண்டுமென்றால் வாங்குங்கள், வழக்கம்போலப் பேரம் பேசியே வாங்குங்கள். கேட்ட விலையைக் கொடுத்தால்தான் அவருக்குச் சந்தேகம் வரும்.