ஜீப்பின் பின்கதவில் மடிப்பு மேசை: உப்புக்காற்றிலும் நிற்கிற மாதிரிச் செய்வது எப்படி?

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். பழைய பஜிரோ ஜீப் ஒன்று வைத்திருக்கிறாராம், விடுமுறை வந்தால் குடும்பத்தோடு குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் கடற்கரையில் இறங்கிச் சமைத்துச் சாப்பிடுவார்களாம். பின்கதவின் உட்பக்கத்தில் மடித்துத் திறக்கிற மேசை ஒன்று பூட்ட வேண்டும், அலுமாரி செய்து மிஞ்சிய முக்கால் அங்குலப் பலகை வீட்டில் கிடக்கிறது, அது காணுமா, சங்கிலி போடுவதா கால் வைப்பதா, மேலே காஸ் குக்கர் வைக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

பலகையைப் பிறகு பார்ப்போம், முதலில் கதவைப் பாருங்கள். பஜிரோவின் பின்கதவு பக்கவாட்டில் திறக்கிற கதவு, ஸ்பெயார் ரயரின் பாரம் முழுவதையும் அதன் பிணைச்சல்கள் ஏற்கனவே சுமந்துகொண்டிருக்கின்றன. கதவைப் பாதி திறந்து, பூட்டு இருக்கிற பக்க நுனியை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்குங்கள். 'டக்' என்று ஒரு ஆட்டம் கையில் தெரிந்தால் பிணைச்சல் தேய்ந்துவிட்டது, அதைச் சரிசெய்யாமல் மேசை பூட்டாதீர்கள். கதவு இன்னும் தொங்கி, பூட்டு ஒழுங்காக விழாமல் போய்விடும்.

ஆட்டம் இல்லையா, சரி, இனி உட்பக்க அட்டையைக் கழற்றுங்கள். கழற்றாமல் அதன் மேலேயே ஸ்க்ரூ அடிப்பவர்களைக் கண்டிருக்கிறேன், அந்த அட்டைக்கு ஒரு பலமும் கிடையாது, முதல் குழியிலேயே பிய்த்துக்கொண்டு வரும். உள்ளே வைப்பர் மோட்டருக்கும் பூட்டுக்கும் போகிற வயர்கள் இருக்கும், அவை எந்த வழியாகப் போகின்றன என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிட்டு, உள் தகட்டில் மட்டும் துளையிடுங்கள். ட்ரில் ஊசியில் நுனியில் இருந்து ஒரு சென்ரிமீற்றர் விட்டு டேப் சுற்றிவிட்டால் வெளித்தகடு வரை போய்க் குத்தாது. மெல்லிய தகட்டில் ஸ்க்ரூ பிடிக்காது, 6 மில்லிமீற்றர் ரிவெட் நட் (தகட்டுத் துளையில் இறுகிப் பிடிக்கிற, உள்ளே மரை உள்ள சின்னக் குழாய்) அடித்து அதில் போல்ற் போடுவதுதான் முறை. துளையிட்டவுடன் வெளிறித் தெரிகிற இரும்புக்கு அன்றைக்கே துத்தநாகப் பிரைமர் பூசிவிடுங்கள். எங்கள் ஊர்க் காற்றுக்கு இரண்டு நாள் விட்டாலே கறள் தொடங்கிவிடும்.

கால் வேண்டவே வேண்டாம். கால் மணலில் புதையும், அதைவிட யாராவது ஜீப்புக்குள் ஏறி இறங்கும்போது வண்டி எழும்பித் தாழும், கால் நிலத்தில் நிற்க மேசை சரிந்து தேத்தண்ணி எல்லாம் கொட்டும். இரண்டு பக்கமும் சங்கிலியோ நாடாவோ போட்டு மேலே இருந்து இழுத்துப் பிடிப்பதுதான் நல்லது. ஆனால் எந்தச் சரிவில் இழுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேசை 40 சென்ரிமீற்றர் அகலம் என்று வையுங்கள், மேசைப் பிணைச்சலில் இருந்து 40 சென்ரிமீற்றர் மேலே கதவில் கட்டினால் 45 பாகைச் சரிவு கிடைக்கும். அப்போது வெளி விளிம்பில், நடுவில், 10 கிலோ வைத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் கிட்டத்தட்ட 7 கிலோ இழுவை. அதே நாடாவை 15 சென்ரிமீற்றர் உயரத்திலேயே கட்டிவிட்டால் இழுவை பக்கத்துக்கு 14 கிலோ, அதாவது இரண்டு மடங்கு, அத்தனையும் கதவுத் தகட்டைத்தான் பிடுங்கும். அதனால் எவ்வளவு உயரத்தில் கட்ட முடியுமோ அவ்வளவு உயரத்தில் கட்டுங்கள்.

சங்கிலி பலமானது, ஆனால் ஓடும்போது கலகலவென்று உயிரை வாங்கும். பழைய சீற் பெல்ற் நாடா கிடைத்தால் அதுவே போதும், நீளவும் நீளாது. ஒரு பக்க நாடாவை முதலில் பூட்டி, மேசையில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்த பிறகுதான் மற்றப் பக்கத்து நாடாவுக்கு அளவு எடுக்க வேண்டும். இரண்டையும் முன்கூட்டியே ஒரே நீளத்துக்கு வெட்டி வைத்தால் அநேகமாக மேசை கோணலாகத்தான் நிற்கும்.

இப்போது அந்த மிச்சப் பலகை. வெட்டு முகத்தைப் பாருங்கள். மரத்தூள் அமுக்கியது போலத் தெரிந்தால் அது சிப்போர்ட், ஒரு மழை நனைந்தால் ஊதிவிடும், வேண்டாம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவூட், பாவிக்கலாம், ஆனால் முக்கால் அங்குலம் தேவையில்லாத பாரம். 60க்கு 40 சென்ரிமீற்றர் மேசைக்கு 12 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் தாராளமாகக் காணும், அது 2 கிலோவுக்குள் நிற்கும். மரைன் என்றவுடன் தண்ணீர் ஏறாது என்று நினைத்துவிடாதீர்கள். அதில் தண்ணீருக்கு விடாதது ஒட்டியிருக்கிற பசைதான், வெட்டிய ஓரம் தண்ணீரை உறிஞ்சும். ஓரங்களுக்கும் ஒவ்வொரு துளையின் உள்ளேயும் எப்பொக்சி இரண்டு தரம் பூசி, பிறகு வார்னிஷ் அடியுங்கள். பைபர் போட் திருத்துகிறவர்களிடம் மலிவாகக் கிடைக்கிற பொலியெஸ்டர் ரெசின் மரத்தில் அவ்வளவு வடிவாகப் பிடிக்காது, எப்பொக்சி என்றே கேட்டு வாங்குங்கள்.

மேசைக்குப் போடுகிற பிணைச்சலில்தான் நான் முதல் தரம் ஏமாந்தேன். மஞ்சள் முலாம் பூசிய சாதாரணப் பிணைச்சலை வாங்கிப் பூட்டினேன், ஒரு மாரி போய்த் திறந்தால் ஊசி இறுகி, பலகையில் செந்நிறமாக ஒரு கோடு ஊறியிருந்தது, கழற்ற ஸ்க்ரூவின் தலை அறுந்தது. அன்றிலிருந்து கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோவேன். முலாம் பூசிய இரும்பு பட்டென்று ஒட்டும், 304, 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான். கடலோரத்துக்கு 316 நல்லது. ஓரம் முழுவதற்கும் ஒரே துண்டாக வருகிற நீளமான பியானோ பிணைச்சல் ஒன்று போட்டால் பாரம் முழு ஓரத்திலும் பரவும்.

காஸ் குக்கரைக் கதவு மேசையில் வைக்காதீர்கள். கதவு அசையும், ஒரு பிள்ளை ஓடிவந்து மோதினாலும் கொதிக்கிற சட்டி சரியும். அடுப்பு நிலத்தில், வண்டியில் இருந்து தள்ளி இருக்கட்டும், மேசை வெட்டவும் பரிமாறவும்தான். தரையில் இருந்து கடலுக்கு வீசுகிற கச்சான் காற்று அடிக்கிற மே தொடக்கம் ஆகஸ்ட் வரையான மாதங்களில் வண்டியின் முகத்தைத் தரைப்பக்கம் திருப்பி, பின்பக்கத்தைக் கடலுக்குக் கொடுத்து நிறுத்தினால் மேசை காற்று மறைவில் இருக்கும். திறந்த கதவு ஆடாமல் இருக்க அதைக் கயிற்றால் கட்டுவது பாதி வேலைதான், கயிறு மேலும் திறக்காமல் பிடிக்குமே தவிர மூடாமல் பிடிக்காது. இரண்டு நுனியிலும் கொளுக்கி வைத்த ஒரு அலுமினியக் குழாயைக் கதவுக்கும் வண்டிக்கும் நடுவே மாட்டுங்கள்.

மடித்து வைத்த மேசையைக் காந்தப் பூட்டை நம்பி விடக்கூடாது, சடாரென்று பிரேக் போட்டால் திறந்துவிடும். இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் போட்டு, பலகை தொடுகிற இடத்தில் றப்பர் ஒட்டுங்கள். துளையிடுவதற்கு முன்னால் இன்னொன்று: மேசை வரப்போகிற இடத்தில் குழைத்த கோதுமை மா உருண்டை நாலைந்தை ஒட்டிக் கதவை மூடித் திறந்து பாருங்கள், எவ்வளவு நசிந்திருக்கிறது என்பதில் உள்ளே எத்தனை இடம் மிஞ்சுகிறது என்று தெரியும். பலகை, பிணைச்சல், தாழ்ப்பாள் எல்லாம் சேர்த்து 4 சென்ரிமீற்றராவது வேண்டும். அவ்வளவு இல்லையென்றால் பலகையை 9 மில்லிமீற்றருக்குக் குறைத்து, அடியில் அலுமினியக் கோணப்பட்டி இரண்டு கொடுங்கள்.