வெள்ளை கோட் அணிந்தவர் எல்லோரும் டாக்டரா?

கேள்வி: அமெரிக்காவின் ஹூஸ்டனில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, சர்க்கரை நோயுள்ள என் கணவருக்குக் காலில் புண் வந்து ஆறாமல் இருந்தது. கிளினிக்கில் அவரைப் பரிசோதித்து மருந்து எழுதிக் கொடுத்தவர் டாக்டர் அல்லர், ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்று வீடு திரும்பிய பிறகுதான் மகன் சொன்னான். அடுத்த முறை ‘பிசிஷியன் அசிஸ்டன்ட்’ ஒருவர் பார்த்தார். அவ்வளவு பணம் கட்டியும் டாக்டரைப் பார்க்க முடியவில்லையே என்று எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. இவர்களை நம்பலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. தம்மைப் பார்ப்பவர் யார் என்பதைத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை; அதை முதலிலேயே சொல்லாதது அந்த கிளினிக்கின் குறைதான். ஆனால் டாக்டர் பார்க்கவில்லை என்பதாலேயே சிகிச்சை தரம் குறைந்தது என்று முடிவு கட்ட வேண்டாம்.

இந்த இரண்டு பணிகளும் 1965இல் தோன்றியவை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து, செவிலியர்களுக்குக் கூடுதல் பயிற்சி அளித்து நர்ஸ் பிராக்டிஷனர்களை உருவாக்கினார்கள். அதே ஆண்டில் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்டெட் என்ற மருத்துவப் பேராசிரியர், கடற்படையில் மருத்துவ உதவிப் பணி செய்து திரும்பியவர்களைக் கொண்டு பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பைத் தொடங்கினார். டாக்டர்கள் போதாத நிலைமையே இரண்டுக்கும் காரணம்.

நர்ஸ் பிராக்டிஷனர், பதிவு பெற்ற செவிலியராகி, அதன் மேல் முதுநிலைப் பட்டமோ முனைவர் பட்டமோ பெற்றவர். பிசிஷியன் அசிஸ்டன்ட், பட்டப்படிப்புக்குப் பின் ஏறக்குறைய 27 மாதங்கள் மருத்துவம் பயின்று, தேசியத் தேர்வில் தேறியவர். டாக்டரோ நான்கு ஆண்டு மருத்துவக் கல்லூரிக்குப் பிறகும் குறைந்தது மூன்று ஆண்டுகள் மருத்துவமனையில் பயிற்சி பெறுகிறார். இந்த வேறுபாடு சிறியதன்று. அதை மறைத்துப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனாலும் அன்றாட நோய்களில் நர்ஸ் பிராக்டிஷனர்களின் பணி சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. நியூயார்க்கில் 1,316 நோயாளிகளை இவர்களிடமும் டாக்டர்களிடமும் குலுக்கல் முறையில் பிரித்து அனுப்பி, 2000இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஆறு மாதங்களுக்குப் பின் இரு தரப்பு நோயாளிகளின் உடல்நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அது முதல்நிலை மருத்துவத்தில் நடந்த ஆய்வு. சிக்கலான நோய்களுக்கு அதை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

உங்கள் கணவருடைய புண் அந்த எல்லைக் கோட்டில் நிற்கும் நோய். ஆகவே, பார்த்தவர் என்ன பட்டம் பெற்றவர் என்பதைவிட என்ன செய்தார் என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். இரண்டு கால்களிலும் காலுறையைக் கழற்றச் சொன்னாரா? பாதத்தின் மேல்புறம் விரல் வைத்து நாடித்துடிப்பைப் பார்த்தாரா? மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டாரா? புண்ணின் ஆழத்தை அளந்தாரா? இவற்றைச் செய்து, புண் ஆறாததைக் கண்டதும் பாத மருத்துவரிடமோ ரத்தநாள நிபுணரிடமோ அனுப்பியிருந்தால் அவர் தம் கடமையைச் செவ்வனே செய்தார் என்றே சொல்வேன். அனுப்பாமல் மாத்திரையை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தால், அவர் டாக்டராகவே இருந்தாலும் தவறுதான். புண் இன்னும் ஆறவில்லை என்றால் திருச்சியிலேயே உடனே ஒரு நிபுணரிடம் காட்டுங்கள்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. அரிசோனா, கொலராடோ போன்ற மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் தனித்தே மருத்துவம் பார்க்கலாம். ஹூஸ்டன் இருக்கும் டெக்சாசில் மருந்து எழுத ஒரு டாக்டருடன் எழுத்துபூர்வமான ஒப்பந்தம் வேண்டும். எனவே அடுத்த முறை, “உங்களுக்குப் பொறுப்பான டாக்டர் யார்? தேவைப்பட்டால் அவரைப் பார்க்க முடியுமா?” என்று மகன் மூலம் தயங்காமல் கேளுங்கள். அடையாள அட்டையில் பெயருக்குப் பின் எம்.டி. அல்லது டி.ஓ. என்றிருந்தால் டாக்டர், என்.பி. என்றிருந்தால் நர்ஸ் பிராக்டிஷனர், பி.ஏ. என்றிருந்தால் பிசிஷியன் அசிஸ்டன்ட். இங்கிருந்து கொண்டுபோகும் மாத்திரைகளின் மருந்துப் பெயர்களையும் அளவையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். நம் ஊர் பிராண்டு பெயர்கள் அங்கே பெரும்பாலோருக்குப் புரியாது.

கேள்வி: என் மகள் சென்னையில் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டன்ட் படிக்கிறாள். இதை வைத்து அமெரிக்காவில் அதே வேலைக்குச் சேரலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: நேரடியாகச் சேர முடியாது. அங்கே அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தில் பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பை முடித்தவர்கள்தாம் உரிமத்துக்கான தேர்வை எழுதலாம். இந்தியாவில் இந்தப் படிப்பு 1992இல் சென்னையில்தான் தொடங்கியது. இதய அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் இவர்களுக்கு நல்ல தேவை இருக்கிறது. வெளிநாட்டை மட்டும் கருதிச் சேர்க்க நினைப்பவர்களுக்கு பி.எஸ்சி. நர்சிங்தான் தெளிவான பாதை. அதைப் படித்தவர் அங்கே செவிலியர் உரிமம் பெற்று, பின்னர் நர்ஸ் பிராக்டிஷனராக மேற்படிப்புப் படிக்கலாம்.